ஆளணித் திட்டமும் மக்கள் மொழியும்

வெளிநாட்டில் அரசு அமைக்கும் தூதரக அலுவலகத்துக்கும் வவுனியா மாவட்டத்துப் பூவரசங்குளத்துக்கும் தொடர்பு யாது என வினவுவோர் உளர். அவர்கள் அவ்வூர்க் காணி உறுதிகளை நோக்குதல் வேண்டும். காணிக்கு உரியவர் நோர்வேயில் வாழ்வாராயின், ஊரிலுள்ள உறவினருக்கு அவர் வழங்கும் அற்றோர்ணித் தத்துவத்தைத் தூதரக உத்தியோகத்தர் முன் கையொப்பமிட்டு உறுதிப்படுத்துவதே வழக்கம். அங்கு பிறந்த குழந்தைக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டின், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி பிறப்பைப் பதிவு செய்வதற்கும் அக்கருமபீடமே வாயில்.

அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2022 ஏப்ரல் 30 ஆம் திகதியுடன் ஒஸ்லோ, பாக்தாத் தூதரகங்களும் சிட்னித் துணைத்தூதரகமும் மூடப்பட்டன. நோர்வேக்குரிய பொறுப்பு ஸ்ரொக்ஹோம் தூதரகத்தைச் சார்ந்தது. ஒஸ்லோவிலிருந்து அந்நகர் தரைவழியே 500 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. நெருக்கடி மெய்யே, அதனை மறுப்பார் இலர். ஆயின், திறைசேரி மீதப்படுத்திய செலவின் ஒரு பகுதி மக்களின் பயணச் செலவாக உருமாறிற்று என்பதையும் மறுத்தல் இயலாது.

இனி ஓர் அலுவலகம் திறக்கப்படுமாயின் அதன் ஆளணி எவ்வாறு வகுக்கப்படல் வேண்டும்? பதவிகளின் படிவரிசையை முதலில் வரைந்து, எஞ்சிய இடத்தில் கருமபீடத்தை வைப்பது தலைகீழ் முறை. வருவோர் தொகை, ஒருவருக்குச் செல்லும் நேரம், அவர்தம் மொழி ஆகிய மூன்றுமே கணக்கின் அடிப்படை.

ஓர் ஆவணத்துக்கு அரைமணி நேரம் எனக் கொள்வோம். ஆறு மணி நேரத்தில் ஓர் உத்தியோகத்தர் 12 பேரைக் கவனிப்பார். நாளொன்றுக்குத் தமிழ் பேசுவோர் 30 பேர் வருவராயின், தமிழறிந்த மூவர் போதும். தமிழறியாதார் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் இருமடங்கு நேரம் எடுப்பாராயின் ஐவர் வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் சம்பளமோ வேறு. எனவே தமிழறிந்தாரை நியமித்தல் சலுகையன்று, சிக்கனம். சிங்களம் பேசுவோருக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

சிக்கனம் ஒருபுறமிருக்க, இது உரிமையுமாகும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988 ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் அரச அலுவலரோடு தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையை வரையறுத்தது. கடல் கடந்தவுடன் அவ்வுரிமை தேய்ந்து போமோ?

ஆகவே, புதிய அலுவலகத்துக்கான ஆளணி அங்கீகரிக்கப்படுமுன், தமிழில் கருமமாற்றும் உத்தியோகத்தர் எத்தனை பேர் என்பதும் எண்ணிக்கையாகவே அதில் எழுதப்படல் வேண்டும். “இயன்றவாறு” என்னும் ஒரு சொல்லால் அவ்விடத்தை நிரப்புதல் ஆகாது. அவ்வெண் எழுதப்படாதவரை, பூவரசங்குளத்துக் காணியொன்று உரியவரின் கையொப்பத்துக்காகக் காத்திருக்கவே நேரும்.