ஈகோ என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்

குழுவுக்குள் சண்டை வந்தால் நம் மென்பொருள் அலுவலகங்களில் முதலில் உதிரும் வார்த்தை ‘ஈகோ’. எச்.ஆர். உடனே ஒரு டீம் அவுட்டிங் போடுவார்கள். ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட், கயிறு இழுக்கும் போட்டி, மதியம் பிரியாணி. திங்கட்கிழமை அதே இரண்டு பேர் மேலாளரை சிசியில் வைத்து மறுபடி மோதிக்கொள்வார்கள்.

நான் பார்த்தவரை இந்தச் சண்டைகள் குணத்தில் பிறப்பதில்லை. மதிப்பீட்டு முறையில் பிறக்கின்றன. பத்துப் பேரில் ஒருவர் கடைசித் தட்டில் விழுந்தே ஆகவேண்டும் என்பதுதான் பெல் கர்வ். ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் அதை 20-70-10 என்று பிரபலமாக்கினார். இந்தக் கணக்கில் பக்கத்து இருக்கைக்காரர் நன்றாக வேலை செய்வதே எனக்கு ஆபத்து. பிறகு அவருக்கு நான் ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

சண்டை வளரும் விதம் இதுதான். முதலில் மௌனம்: தெரிந்த தகவலைக் காலைக் கூட்டத்தில் சொல்லாமல் விடுவது. அடுத்து சாட்சி சேர்ப்பது: “எதுக்கும் ஒரு மெயில் போட்டு வச்சிடு.” பிறகு சாப்பாட்டு மேசை இரண்டாகப் பிரியும். கடைசியில் ஏதோ ஒரு அற்பக் காரணத்துக்கு வெடிக்கும். எச்.ஆர். கண்ணுக்குத் தெரிவது இந்தக் கடைசிக் கட்டம் மட்டுமே.

1954இல் ஓக்லஹோமாவில் முசாபர் ஷெரிப் சிறுவர்களை இரு அணிகளாக்கி, ஜெயிக்கும் அணிக்கு மட்டும் பரிசு என்றார். சில நாட்களில் ஒரு அணியின் கொடியை மற்ற அணி எரித்தது. சேர்ந்து சாப்பிட வைத்தார்கள், சாப்பாட்டை வீசிக்கொண்டார்கள். நின்றுபோன லாரியை எல்லாரும் சேர்ந்து இழுக்க வேண்டி வந்தது போன்ற பொது வேலைகளுக்குப் பிறகுதான் பகை தணிந்தது. ஆய்வாளர்களே சண்டையை மூட்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் உண்டு. அதையேதான் நானும் சொல்கிறேன்: போட்டியை அமைத்தவர்தான் பொறுப்பு. பிரியாணி அதை மாற்றாது.

“அப்போ வேலை செய்யாதவனை என்ன பண்றது?” என்பீர்கள். அவர் வேலையைக் காட்டி, அவரிடம், நேராக, அந்த மாதமே சொல்லுங்கள். மார்ச் மாதம் விகிதாச்சாரத்தை நிரப்ப ஒரு பலியாளைத் தேடுவதற்குப் பெயர் நிர்வாகம் இல்லை. வருடாந்தர மதிப்பீடு குழுப்பணியை அழிக்கும் என்று டெமிங் எண்பதுகளிலேயே எச்சரித்தார். மைக்ரோசாப்ட் 2013இல் இந்தக் கட்டாயத் தரவரிசையைக் கைவிட்டது. பெயரை மாற்றிவிட்டு அதே விகிதத்தை ரகசியமாக வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன.

இனி உங்கள் குழுவில் இரண்டு பேர் அடித்துக்கொண்டால், “யார் மேல தப்பு?” என்று கேட்பதற்கு முன்னால், “ரெண்டு பேர்ல ஒருத்தர் தோத்தே ஆகணும்னு விதி போட்டது யாரு?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் அந்த அறையிலேயே இருக்கமாட்டார்.