"ஏன் சார்?" என்று கேட்டவனுக்கு



பணி ஓய்வுக்குப் பிறகு, புதிய ஏற்பாட்டை அதன் மூல மொழியான கிரேக்கத்தில் எழுத்துக்கூட்டிப் படித்து வருகிறேன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்த எனக்கு இது பெரிய வேலைதான். ஆனால் அதில் வரும் ஒரு சின்ன வினாச்சொல் என்னைப் பழைய வகுப்பறைக்கே இழுத்துப் போய்விட்டது.

கிரேக்கத்தில் 'டிஸ்' என்றால் யார். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே சொல்தான். 'டி' என்றால் என்ன. ஆனால் அதே 'டி' பல இடங்களில் 'ஏன்' என்றும் பொருள் தரும். யோவான் 20ஆம் அதிகாரத்தில் கல்லறை அருகே அழுதுகொண்டிருக்கும் மகதலேனா மரியாளிடம் இயேசு கேட்கும் முதல் கேள்வியில் இந்த 'டி' வருகிறது. அதை 'என்ன' என்று போட்டால் நம் காதுக்கு அதட்டல். 'ஏன்' என்று போட்டால்தான் பரிவு.

லூக்கா 10இல் நல்ல சமாரியன் கதை முடிந்ததும், மூவரில் யார் என்ற கேள்விக்கு 'டிஸ்' வருகிறது. அந்தச் சொல்லில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. தமிழில் 'எவன்' என்றால் இன்று வசைபோல ஒலிக்கிறது. 'யார்' என்பதே நேர்மை என்பேன். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதாது. கேட்பவர் மனதையும் பார்க்க வேண்டும்.

இதை நான் ஓசூரிலேயே கற்றிருக்க வேண்டும். கன்னடத்தில் 'ஏனு' என்றால் 'என்ன'. நம் 'ஏன்'-க்கு அவர்கள் சொல்வது 'யாகெ'.

ஒருநாள் வகுப்பில் ஒரு பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளை. எழுந்து, "ஏன் சார்?" என்றான். எதிர்த்துப் பேசுகிறான் என்று மணியடிக்கும் வரை வெளியே நிற்க வைத்தேன். அவன் கேட்டது "என்ன சார்?" என்றுதான். பணிவாகத்தான் கேட்டான். எனக்குத்தான் புரியவில்லை.

தம்பி, இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.

இன்று சிப்காட்டில் மேற்பார்வையாளர்களாக இருக்கும் என் மாணவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கீழே பல மொழிக்காரர்கள் வேலை செய்கிறார்கள். ஒருவர் வாயில் வரும் சொல் திமிராகக் கேட்டால், கோபப்படுமுன், அவர் மொழியில் அதற்கு என்ன பொருள் என்று விசாரியுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்