விலையைக் கேட்குமுன் வேரைப் பார்!

தோழா!

கையில் சிறுதொகை சேர்ந்திருக்கிறது. கீழ்பென்னாத்தூரில் வீடொன்று விலைக்கு வந்திருக்கிறது. இன்றே வாங்குவதா, விலை இறங்கட்டுமென்று பொறுப்பதா என்று கேட்கிறாய். ஞாயிற்றுக்கிழமை அரசியல் கட்டுரையில் இதற்கு இடமுண்டா என்ற தயக்கமும் உனக்கு இருக்கிறது. தயக்கம் ஏன்? அரிசி விலை அரசியல். கூலி உயர்வு அரசியல். அந்தக் கூலியை இருபது ஆண்டுகள் விழுங்கப் போகிற வீடு மட்டும் அரசியல் ஆகாதோ?

கீழ்பென்னாத்தூரை நீ அறிவாய். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இருபது கிலோமீட்டருக்குள் அமைந்த ஊர். நெல்லும் மணிலாவும் விளையும் பூமி. 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று, 2024-இல் மாநகராட்சியாயிற்று. முழுநிலவுதோறும் மலையை வலம்வர இலட்சக்கணக்கானோர் திரளுகின்றனர். நகரம் விரிய விரிய, நிலத்தின் விலை சாலை வழியே நடந்து வருகிறது. மணிலாக் கொல்லையில் வண்ணக் கற்கள் முளைக்கின்றன. அந்தக் கற்களின் பக்கத்திலே ஒரு குடையும், குடையின் கீழே ஒரு தரகரும் முளைக்கின்றனர்.

நாடகம் எழுதிப் பழகிய கை என்னுடையது. ஆகவே அங்கே நடக்கும் உரையாடலைக் காட்சியாகவே தருகிறேன்.

"இன்று சொல்லும் விலை நாளைக்கு இல்லை, ஐயா!"

"நாளைக்குக் குறைந்துவிட்டால்?"

"நிலம் விலை குறைந்ததாகச் சரித்திரம் உண்டா?"

"மூலப் பத்திரம்?"

"அது வரும். முதலில் முன்பணம் வரட்டும்!"

தோழா, இந்த ஐந்து வரியில் அடங்கியிருக்கிறது ஏழையின் ஏமாற்றம் அத்தனையும்! சரித்திரம் உண்டா என்கிறாரே தரகர், உண்டு. வீட்டு விலை என்றென்றும் ஏறும் என்று நம்பித்தான் அமெரிக்க வங்கிகள், கட்டும் ஆற்றல் இல்லாதோர்க்கெல்லாம் கடனை வாரி இறைத்தன. விலை சரிந்தது, கடன் நின்றது, 1850-இல் தோன்றிய லேமன் பிரதர்ஸ் நிறுவனம் 2008 செப்டம்பர் 15-ஆம் நாள் திவாலாயிற்று. குபேரபுரியிலேயே கூரை பறிபோயிற்று!

கடல் கடந்து போவானேன்? நம் நாட்டிலேயே பார். 2016 செப்டம்பர் 9-ஆம் நாள், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சீட்டுப் பிடித்தும் நகை விற்றும் மனை வாங்கியிருந்தோர் திகைத்து நின்றனர். மனை இருந்தது, மதிப்பு இருந்தது, அவசரத்துக்கு விற்க மட்டும் வழியில்லை. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்த பிறகே, 2016 அக்டோபர் 20-ஆம் நாளுக்குள் விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் செலுத்தி விமோசனம் பெற வாய்ப்புக் கிடைத்தது. அதே 2017-இல் அரசின் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. 2023-இல் மீண்டும் ஏற்றப்பட்டது. ஏறுவதும் இறங்குவதும் சந்தையின் இயல்பு. அதை முன்கூட்டிச் சொல்ல எந்தச் சோதிடனாலும் ஆகாது; எந்தத் தரகராலும் ஆகாது; என்னாலும் ஆகாது.

ஆகவே, "விலை ஏறுமா?" என்ற கேள்வியை ஒதுக்கிவை. அது வாங்கி விற்பவனின் கேள்வி. நீ வாங்கி வாழப் போகிறவன். விலை இறங்கினால் உன் கூரை ஒழுகாது. உன் அடுப்பு அணையாது. ஆனால் பத்திரம் பழுதானால்? விலை பத்து மடங்கு ஏறினாலும் அது உனக்கல்ல, உன்மீது வழக்குத் தொடுப்பவனுக்கே! சந்தையின் ஐயம் வணிகனை வருத்தும்; பத்திரத்தின் ஐயம் ஏழையை வீதியில் நிறுத்தும். நீ அஞ்ச வேண்டியது இரண்டாவதற்கு.

எனவே, விலையைக் கேட்குமுன் வேரைப் பார். குறைந்தது முப்பதாண்டு வில்லங்கச் சான்று எடு. பட்டாவில் உள்ள பெயரும், பத்திரத்தில் உள்ள பெயரும், விற்க வந்தவரின் பெயரும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று ஒப்பிடு. புலப்படத்தை வாங்கி நிலத்தை அளந்து பார். ஏரிப் புறம்போக்கா, கோயில் நிலமா, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமா என்று விசாரி. வெறும் 'பவர்' பத்திரத்தைக் காட்டி விற்பதால் உரிமை கைமாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியிருக்கிறது. புதிய மனைப்பிரிவு என்றால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். "பதிவு ஆகிவிட்டதே, இனி என்ன?" என்று எண்ணிவிடாதே. பதிவு, பத்திரத்துக்குச் சாட்சி. விற்றவனின் உரிமைக்கு உத்தரவாதம் அன்று.

அடுத்தது தவணை. பத்து இலட்ச ரூபாய்க் கடன், இருபது ஆண்டுக் காலம் என்று வைத்துக்கொள். 7 விழுக்காடு வட்டியில் மாதம் 7,753 ரூபாய். வட்டி 9.5 ஆனால் 9,321 ரூபாய். மாதம் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் வேறுபாடு! இது வெறும் கற்பனைக் கணக்கன்று. 2022 மே மாதத்துக்கு முன் 4 விழுக்காடாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆயிற்று, 2025-இல் படிப்படியாக இறங்கிற்று. மாறும் வட்டிக் கடனில், தவணை ஏறாவிட்டால் ஆண்டு நீளும். ஆகவே இன்றைய தவணையை மட்டும் பாராதே. இரண்டு புள்ளி ஏறினாலும், இல்லத்தில் ஒருவருக்கு மூன்று மாதம் வேலை இல்லாவிட்டாலும் தாங்குமா என்று பார். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து, 2023 முதல், நூற்றுக்கு ஒன்பது. பத்து இலட்சத்துக்குத் தொண்ணூறாயிரம். பத்து இலட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் ஒரு விழுக்காடு குறைவு. பத்தாயிரம் மிச்சம் என்பதற்காக மட்டுமன்று, வீட்டை ஆளுகிறவள் பெயரில் வீடு இருப்பதே முறை என்பதற்காகவும் அப்படிச் செய்!

வேரும் உறுதி, தவணையும் தாங்கும், பத்தாண்டேனும் அங்கே வாழப் போகிறாய் என்றால், சந்தையின் முகத்தைப் பார்த்து நிற்காதே, வாங்கு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பொறு. வாடகை வீட்டில் இருப்பது இழுக்கன்று. வழக்கு வீட்டில் இருப்பதே இழுக்கு.

இத்தனையும் ஏழையே தன்னந்தனியாகப் பார்க்க வேண்டுமா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில் 1960-இல் வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அந்நாட்டில் வாழ்வோரில் நான்கில் மூவருக்கு மேல் அக்கழகம் கட்டிய வீடுகளிலேயே குடியிருக்கின்றனர். தமிழ்நாட்டிலும் 1961-இல் வீட்டுவசதி வாரியமும், 1970-இல் குடிசை மாற்று வாரியமும் பிறந்தன. பிறந்தவை வளர வேண்டும். சிற்றூருக்கும் வர வேண்டும். எளியவன் வாங்கத்தக்க வீட்டை அரசு கட்டினாலன்றித் தரகரின் குடை மடங்காது. அதை எந்த ஆட்சியிடமும் ஓயாமல் கேட்போம்.

கேட்டுக்கொண்டே, நம் கையில் உள்ளதையும் செய்வோம். எழுத்தறியாதார்க்கு ஏடு படித்துக் காட்டியவை நம் படிப்பகங்கள். அதே பெஞ்சில், வாரம் ஒரு மாலை, பத்திரம் படித்துக் காட்டுவோம். வில்லங்கம் பார்க்கத் தெரிந்த ஓர் இளைஞர், சட்டம் அறிந்த ஒரு வழக்கறிஞர், அளக்கத் தெரிந்த ஒரு முதியவர், இம்மூவரும் போதும். முன்பணம் கொடுக்குமுன் படிப்பகத்துக்கு வா என்று ஒவ்வொரு தெருவிலும் சொல்லுவோம். ஒரு குடும்பத்தின் இருபதாண்டு உழைப்பைக் காப்பாற்றுவது, நூறு மேடைப் பேச்சுக்கு நிகர்.

உன் பத்திரத்தையும் எடுத்து வா, தோழா. முதலில் அதைப் படிப்போம்; பிறகு விலை பேசுவோம்!