‘புரிந்ததா?’ என்று கேட்டால் போதுமா?

முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கும் நாடெங்கும் தரப்படும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். விலை குறைவு. முறையாக உட்கொண்டால், வேலையை விட்டு வீட்டில் முடங்கியவரை மீண்டும் வேலைக்கு அனுப்பக்கூடியது. ஆனால் இந்நோய்களுக்கு அதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் விழுங்கினால் முதலில் வாய் புண்ணாகும். பிறகு எலும்பு மஜ்ஜை செயலிழந்து வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரியும். சாதாரணத் தொற்றே உயிரைப் பறித்துவிடும். வார மாத்திரையை அன்றாட மாத்திரையாக எண்ணி இறந்தவர்களைப் பற்றிய பதிவுகள் மருத்துவ ஏடுகளில் பல ஆண்டுகளாக வந்துகொண்டே இருக்கின்றன.

இத்தகைய சாவுகளுக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம் ஒன்றுதான்: ‘சொன்னோம், நோயாளிக்குப் புரியவில்லை.’ எழுத்தறிவு மறுக்கப்பட்ட மனிதர் மீதே பழியையும் சுமத்தும் இந்த வாதத்தை ஏற்பதற்கில்லை. சொன்னவர் யார், எந்த மொழியில் சொன்னார், எவ்வளவு நேரம் சொன்னார் என்று கேட்டாக வேண்டும்.

67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஆரம்ப நிலைச் சிகிச்சையில் இந்திய நோயாளிக்கு மருத்துவர் ஒதுக்கும் நேரம் ஏறத்தாழ 2 நிமிடம் என்றது. சுவீடனில் அது 22 நிமிடம். வாரம் ஒரு நாள் மட்டும் மாத்திரை, வேறு நாளில் ஃபோலிக் அமிலம், தவறாத ரத்தப் பரிசோதனை, காய்ச்சல் வந்தால் உடனே வருதல், கருத்தரிப்பைத் தவிர்த்தல் ஆகிய அனைத்தையும் இந்த 2 நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். வெளியே நூறு பேர் காத்திருக்க, மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்றைய கூலியை இழந்து வரிசையில் நின்றவரிடம் ‘புரிந்ததா?’ என்று கேட்டால் தலையாட்டத்தான் செய்வார். அந்தத் தலையாட்டலையே ‘நோயாளிக்கு அறிவுரை வழங்கப்பட்டது’ என்று குறித்துக்கொள்கிறோம்.

மருந்து அட்டையின் நிலை இன்னும் மோசம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் ஆங்கிலம் அறிந்தோர் 10 சதவீதத்தைச் சற்றே தாண்டினர். ஆயினும் மாத்திரை அட்டையில் எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே, அதுவும் பொடி எழுத்தில் இருக்கிறது. பீகாரிலிருந்து மும்பைக்கு வந்த கட்டுமானத் தொழிலாளி, மராத்தி பேசும் மருத்துவமனையில் ஆங்கில அட்டையைக் கையில் வாங்கி எதைப் புரிந்துகொள்வார்?

இன்சுலினும் இதே கதைதான். நம் நாட்டுக் குப்பிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டவையும் உண்டு, 100 யூனிட் கொண்டவையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சிரிஞ்சு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடலில் ஏறும். சர்க்கரை அளவு சரிந்து நினைவிழக்க நேரிடும். மங்கிய பார்வையுடைய முதியவரின் உயிர், சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறிவதில் ஊசலாடுகிறது. இதற்கும் அறியாமை என்று பெயர் வைப்போமா?

எளிய மக்களுக்கு எச்சரிக்கையைப் புரியவைக்க அரசுக்குத் தெரியாது என்றில்லை. 2016 ஏப்ரல் முதல் சிகரெட் பெட்டியின் 85 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படமும் வாசகமும் நிரப்புகின்றன. மருந்துக்கு வரும்போது ஒன்றிய அரசின் அக்கறை வேறு திசையில் செல்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் 300 வணிகப் பெயர் மருந்துகளுக்கு க்யூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. அதில் கட்டாயமாக்கப்பட்டவை மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், தேதிகள் போன்றவை. போலி மருந்தைக் கண்டறிய அது உதவலாம். ‘வாரம் ஒரு முறை மட்டும்’ என்று சொல்ல உதவாது.

2015இல் அறிவிக்கப்பட்ட மருந்தகப் பணி ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு ஆலோசனை வழங்குவது பதிவுபெற்ற மருந்தாளுநரின் கடமை என்கின்றன. மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் தொங்க, அவர் இல்லாமலேயே விற்பனை நடக்கும் கடைகளை நாம் அறிவோம். அரசு மருத்துவமனையிலோ, ஒற்றைச் சாளரத்தின் பின்னால் நிற்பவருக்கு மாத்திரையை எண்ணிக் கொடுக்கவே நேரம் போதவில்லை. காலியிடங்களை நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு நிரப்பாமல் ஆலோசனை பற்றிப் பேசுவது வெற்றுப் பேச்சு.

ஆபத்து மிகுந்த மருந்துகளுக்கேனும் நடைமுறை மாற வேண்டும். ‘புரிந்ததா?’ என்பதற்குப் பதில், ‘வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்’ என்று கேட்டு, நோயாளி தன் வாயால் சொல்லக் கேட்ட பிறகே மருந்தைக் கொடுக்க வேண்டும். கூடுதலாக ஓரிரு நிமிடமே ஆகும். அதற்கு ஆள் வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைகளைப் பாட்டிலில் அடைப்பதைக் கைவிடவும், நோயாளிக்கு எச்சரிக்கை அட்டை வழங்கவும் 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைத்தது. இங்கு மாத்திரை அட்டையில்தான் வருகிறது. ஆனால் அன்றாட மாத்திரையைப் போலவே பத்துப் பத்தாக வருகிறது. நான்கு வாரத்துக்கு நான்கு அறை, ஒவ்வொன்றின் மேலும் கிழமையைக் குறிக்க இடம், மாநில மொழியில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை என்று அட்டையை மாற்றி அச்சிடப் பெருநிறுவனங்களுக்கு ஆகும் செலவு சில காசுகள். சட்டம் கட்டாயப்படுத்தாதவரை அந்தக் காசையும் அவை செலவிடப்போவதில்லை.