ஜன்னலில் கடல், சுவரில் உப்பு

சென்னையில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் கடலைப் பார்த்தபடி வீடு வாங்க ஆசைப்பட்டால், பெசன்ட் நகரையும் திருவான்மியூரையும் மறந்துவிட்டு வடக்கே திரும்புவதுதான் வழி. ராயபுரத்துக்கு அப்பால் திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் கரையிலும் அதே வங்கக்கடல், அதே மாலைக் காற்று. விலை மட்டும் பல படி கீழே. வடிவுடையம்மன் கோயில் நடை தூரத்தில். பட்டினத்தார் சமாதி கடற்கரையிலேயே. 2021-ல் மெட்ரோ ரயிலும் விம்கோ நகர் வரை வந்துவிட்டது.

பிறகு ஏன் மலிவு? முதல் காரணம், கடலேதான். கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகின்றன. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அந்த மணலை வழிமறித்தன. விளைவு: தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் தொடங்கி கரை கரைந்தது. பல தெருக்களும் குப்பங்களும் கடலுக்குள் போயின. இன்று அங்கே பல இடங்களில் மணலுக்குப் பதில் கருங்கல் தடுப்புதான் இருக்கிறது.

இரண்டாவது காரணம், தொழிற்சாலைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள்.

இவ்வளவும் தெரிந்தே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாடகையில் கழியும் ஆயுளைவிடச் சொந்தச் சுவர் மேல் என்பது அவர்கள் கணக்கு. தவறான கணக்கு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பத்திரத்தைப் புரட்டுமுன் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு: கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள். 1991-ல் வந்து, 2011-லும் 2019-லும் மாற்றப்பட்டவை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இவற்றின் பிடி. ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதியில், இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ கடல் பக்கமாகப் புதிய வீடு கட்ட முடியாது. நிலப் பக்கம்தான் கட்டலாம்.

மீறினால் என்ன என்பதற்குக் கொச்சியை அடுத்த மரடு சாட்சி. காயலோரமாக எழுந்த நான்கு அடுக்குமாடிக் கட்டடங்களை இடிக்க 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. வாங்கியவர்களிடம் பத்திரம் இருந்தது, வரி ரசீது இருந்தது. உள்ளாட்சியின் கட்டட அனுமதியும் இருந்தது. கடலோர மண்டல ஆணையத்தின் ஒப்புதல்தான் இல்லை. இடைக்கால நஷ்டஈடாகத் தலைக்கு 25 லட்சம் ரூபாய் தர நீதிமன்றம் ஆணையிட்டது. குடியிருந்த வீடு போனது போனதுதான்.

ஆகவே வில்லங்கச் சான்றிதழோடு கடலோர மண்டல ஒப்புதலையும் கேட்டு வாங்குவது நல்லது. அடுத்து, கட்டடத்தின் உடம்பு. உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பி, பூச்சு பெயர்ந்து விழும். கடலோரக் காற்று படும் கட்டடத்துக்குக் குறைந்தது எம் 30 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவசம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பழைய வீடென்றால் கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும். கிணற்று நீரை வாயில் விட்டுப் பார்த்தால் மீதி.

கடைசியாக ஒரு செலவில்லாத சோதனை. கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவரிடம், அவர் சிறுவனாக இருந்தபோது கடல் எங்கே இருந்தது என்று கேட்கலாம். அவர் கை நீட்டிக் காட்டும் இடம், விற்பவரின் வண்ணப் புத்தகத்தில் இருக்காது.