குழந்தை யாருக்கு?

ஒரு குழந்தைக்கு இரண்டு பெண்கள் தாய் என்று வந்து நின்ற மரியாதை ராமன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். குழந்தையை வெட்டிப் பங்கு போடச் சொன்னான். பதறிப்போய் விட்டுக் கொடுத்தவளே தாய் என்று தீர்த்தான். அவனுடைய புத்தியை மெச்சுகிற நாம் ஒன்றைக் கவனிப்பதில்லை. வழக்கு வந்த அன்றே தீர்ப்பையும் சொல்லிவிட்டான்!

இன்று அந்தக் குழந்தை விமானம் ஏறி வருகிறது. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ குடித்தனம் நடத்திய தம்பதிகளுக்குள் மனம் முறிகிறது. 'அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று குழந்தையுடன் கிளம்பியவள் திரும்புவதில்லை. சில குடும்பங்களில் இப்படிச் செய்கிறவன் தகப்பன். அந்த நாட்டுக் கோர்ட் உத்தரவு போடுகிறது. இங்கே ஆட்கொணர்வு மனு தாக்கலாகிறது.

இதற்கென்றே 1980-ல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. குழந்தை யாருக்கு என்று அது தீர்ப்பதில்லை. வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு அனுப்புங்கள், அங்குள்ள கோர்ட் தீர்க்கட்டும் என்கிறது. 6 வாரத்தில் முடிவு வராவிட்டால் ஏன் என்று கேட்கலாம். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. வெகுகாலம் தயங்கிய ஜப்பானும் 2014-ல் சேர்ந்தது. நமது சட்டக் கமிஷனே 2009-ல் சேரச் சொல்லிற்று. நாம் சேரவில்லை.

அடிக்கும் புருஷனிடமிருந்து தப்பி வந்தவளை மறுபடி அவனிடமே பிடித்துக் கொடுப்பதா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். குழந்தைக்குப் பெரும் ஆபத்து உண்டென்றால் அனுப்ப வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. ஆனால் மனைவி படும் அடி உதையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. குழந்தையைக் கொண்டுபோகிறவர்களில் பெரும்பாலோர் தாய்மார்களாக இருக்க, இது சின்னக் குறையல்ல.

ஆனால் ஒப்பந்தத்தில் சேராமல் இருந்து அந்தப் பெண்ணுக்கு நாம் செய்த உபகாரம் என்ன? 2009-ல், இரண்டு வருஷத்துக்கு மேல் தேடிச் சென்னையில் கண்டுபிடித்த ஒரு பையனை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2015-ல் வெளிநாட்டுக் கோர்ட்டின் உத்தரவை மதிக்க வேண்டும் என்றது. 2017-ல் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, அந்த உத்தரவு பல அம்சங்களில் ஒன்றுதான், குழந்தையின் நலனே முதன்மை என்றார்கள். தன் வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்று எந்தத் தாய்க்குத் தெரியும்?

குழந்தையின் நலன் என்றால் யார் மறுப்பார்கள்? ஆனால் அதை ஆராய்வதற்குள் வருஷங்கள் ஓடிவிடுகின்றன. குழந்தை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்கிறது. பழைய சிநேகிதர்களை மறக்கிறது. அப்பா டெலிபோனில் வரும் ஒரு குரலாகிவிடுகிறார். 'இங்கே வேரூன்றிவிட்டதே, பிடுங்கலாமா?' என்று கோர்ட் தயங்கும்போது, தீர்ப்பைக் காலம் எழுதி முடித்துவிட்டது. மரியாதை ராமன் விட்டுக் கொடுத்தவளுக்குக் குழந்தையைக் கொடுத்தான். நாம் விடாமல் பிடித்து வைத்தவருக்குக் கொடுக்கிறோம்.

இதற்குச் சட்டம் வேண்டும்; சட்டத்தில் கெடு வேண்டும். அடி உதை என்று சொல்கிறவளின் வாக்குமூலத்தை முதல் வாரத்திலேயே கேளுங்கள். ஆபத்து நிஜமானால் அனுப்பாதீர்கள். அனுப்புவதானால், அங்கே அவளுக்குத் தனி ஜாகை, செலவுக்குப் பணம், வக்கீல் எல்லாவற்றுக்கும் அழைக்கிற புருஷன் முன்பணம் கட்டட்டும். விவரம் தெரிந்த குழந்தையானால் அதையும் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்.

நான் கதை எழுதுகிறவன். என் பாத்திரத்தைப் பத்து அத்தியாயம் காக்க வைத்தாலும் அதற்கு வயது ஏறாது. ஆறு வயதுக் குழந்தையை மூன்று வருஷம் காக்க வைத்துவிட்டுப் பிறகு 'இந்தா, உன் குழந்தை' என்கிறீர்களே, அந்த ஆறு வயதுக் குழந்தை எங்கே இருக்கிறது?