அரங்கத்துக்கு அனிதா பெயர், வகுப்பறையில் அனிதாக்கள் எங்கே?

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஓர் அரங்கத்துக்கு அனிதாவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். 2023இல் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் அதே பிள்ளை அதே மதிப்பெண்ணோடு இன்று விண்ணப்பித்தால், தன் பெயர் தாங்கிய அந்த அரங்கத்தில் ஒரு மாணவியாகப் போய் உட்கார முடியுமா? முடியாது. இங்கிருந்துதான் பேசத் தொடங்க வேண்டும்.

குழுமூரைச் சேர்ந்த, மூட்டை தூக்கும் தலித் தொழிலாளி ஒருவரின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176. மருத்துவத்துக்கான கட்-ஆஃப் 196.75. பழைய முறை இருந்திருந்தால் அரசுக் கல்லூரியில் இடம் உறுதி. நீட்டில் 720க்கு 86. அந்த ஆண்டுக்கு மட்டும் விலக்குக் கேட்டால் ஒத்துழைப்போம் என்று ஒன்றிய அமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். தமிழ்நாடும் அவசரச் சட்டம் தயாரித்தது. சில நாட்களிலேயே ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் கையை விரித்தது. 2017 ஆகஸ்ட் 22 அன்று நீட் அடிப்படையில் சேர்க்கையை நடத்தச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. செப்டம்பர் 1 அன்று அனிதா இல்லை. 2020இலும் 2021இலும் இதே மாவட்டத்தில் நீட்டின் பெயரால் மேலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம்.

"அதற்குத்தான் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்துவிட்டதே" என்று சொல்பவர்கள் உண்டு. 2020இல் வந்த அந்தச் சட்டத்தால் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே அது. அனிதா பன்னிரண்டாம் வகுப்பை முடித்தது ஒரு தனியார் பள்ளியில். கூலிக்காரக் குடும்பம் வயிற்றைக் கட்டி, உதவிகளைக் கெஞ்சி வாங்கி, பிள்ளையை நல்ல பள்ளி என்று நம்பிய இடத்தில் சேர்த்தால் அந்தக் கதவும் சாத்தப்பட்டுவிடும். அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இல்லை. அனிதாவின் பெயரைச் சொல்லித்தான் இந்த ஒதுக்கீட்டை நாம் கொண்டாடுகிறோம், அது அனிதாவுக்கே பொருந்தாது!

இதைக் கல்விப் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பது தவறு. என் முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்த மாவட்டத்தின் ஊர்களில் சுற்றியபோது, காலனித் தெருவில் ஓர் அக்கா சொன்னார்: "மாத்திர குடுக்குறாங்க தம்பி, இல்லேன்னு சொல்லல. ஆனா கையப் புடிச்சுப் பாத்தது அந்த டாக்டரம்மா ஒருத்தங்கதான்." அந்த டாக்டரம்மா மாறிப்போன பிறகு, காய்ச்சல் மூன்றாம் நாளைத் தாண்டினால்தான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறாராம். ஆரம்ப சுகாதார நிலையம் அங்கேயேதான் இருக்கிறது. மருந்தும் இருக்கிறது. மக்கள் போகாததற்கு 'விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கை எழுதிவிடுவார்கள்.

தொடாத மருத்துவம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. கத்தியவாரில் பிள்ளை பெற்று நோயுற்றுக் கிடந்த தீண்டப்படாத பெண் ஒருத்தியைப் பற்றி அம்பேத்கர் எழுதியிருக்கிறார். 1929இல் கணவர் எழுதிய கடிதமாகக் காந்தியின் 'யங் இந்தியா'வில் வெளிவந்த நிகழ்வு அது. மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்து, அவர் கணவரிடம் கொடுத்து, கணவர் மனைவிக்கு வைத்துப் பார்த்தார். அந்தப் பெண் செத்துப்போனார். அந்த மருத்துவருக்குப் பட்டம் இருந்தது, 'தகுதி' இருந்தது.

நீட் ஆதரவாளர்களின் செல்லச் சொல் அந்தத் தகுதிதான். அதன் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். 2023இல் முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தபோது ஒன்றிய அரசு நீட் கட்-ஆஃபைப் பூஜ்ஜிய பெர்சன்டைலாக்கியது. தேர்வெழுதி கடைசி ஆளாக வந்தவரும் தகுதியானவர்! தனியார் கல்லூரி இடம் வீணாகக் கூடாது என்றால் பூஜ்ஜியமே போதும். குழுமூர்க்காரிக்கு மட்டும் 1176 போதவில்லை. 1951இல் வகுப்புவாரி அரசாணை வீழ்ந்த வழக்கும் மருத்துவ இடத்தை முன்வைத்துத்தான் தொடங்கியது. செண்பகம் துரைராஜன் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. ஆனாலும் வழக்குத் தள்ளுபடியாகவில்லை. பெரியார் தெருவில் இறங்கிய பிறகுதான் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது.

தமிழ்நாட்டின் பொது மருத்துவம் சும்மா வளர்ந்ததல்ல. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்த அரசு மருத்துவருக்கு முதுநிலையில் பாதி இடங்களை ஒதுக்கியிருந்தோம். அவர் மகப்பேறு, மயக்கவியல், குழந்தை மருத்துவம் என்று படித்துத் திரும்பி வந்து அரசு மருத்துவமனையிலேயே வேலை செய்வார். தாலுகா ஆஸ்பத்திரியில் நள்ளிரவில் சிசேரியன் நடந்தது அப்படித்தான். நுழைவுத் தேர்வை ஒழித்தது இளநிலைக்கு, இந்த ஒதுக்கீடு முதுநிலைக்கு. இரண்டும் ஒரே சங்கிலி. நீட்டையொட்டி இந்த ஒதுக்கீட்டையும் பறித்தார்கள். மருத்துவர்கள் போராடி, வழக்காடி, 2020 ஆகஸ்ட் 31 அன்றுதான் மாநிலத்துக்கு அந்த உரிமை உண்டென்ற தீர்ப்பை வாங்கினார்கள். மருத்துவர்கள் வென்ற இந்தப் போரைப் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசுவதே இல்லை, ஏனென்று தெரியவில்லை.

அரியலூர் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதற்காகச் சிமெண்ட் ஆலைகள் வந்தன, லாரிகள் வந்தன, புழுதி வந்தது. மருத்துவக் கல்லூரி வர 2022 ஆகிவிட்டது. அதுவரை மோசமான கேஸ் என்றால் "தஞ்சாவூருக்கு எழுதிட்டாங்க, திருச்சிக்கு எழுதிட்டாங்க" என்பதுதான். பக்கத்துப் பெரம்பலூரில் இன்றும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை, தனியார் கல்லூரி இருக்கிறது.

நீட்டை ஒழிப்போம் என்று வாக்குறுதி தந்து 2021இல் ஆட்சிக்கு வந்தது திமுக. ஏ.கே.ராஜன் குழுவை அமைத்தது. தமிழ்வழி, கிராமப்புறப் பிள்ளைகளின் சேர்க்கை எப்படிச் சரிந்தது, திரும்பத் திரும்பத் தேர்வெழுதுவோர் எப்படிப் பெருகினார்கள் என்று அந்தக் குழு புள்ளிவிவரத்தோடு சொன்னது. சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது, ஆளுநர் ரவி திருப்பி அனுப்பினார், மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் நிராகரித்துவிட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வரே அவையில் அறிவித்தார். தில்லியின் குற்றம் இதில் பெரிது, சந்தேகமில்லை.

ஆனால் தில்லியைக் கேட்காமலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரியலூர் கல்லூரியில் 150 இடங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 விழுக்காடு போக மிச்சத்தில், ஒவ்வோர் ஆண்டும் அரியலூர், பெரம்பலூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர், தமிழ்வழியில் படித்தவர் எத்தனை, கோச்சிங் போகாமல் முதல் முறையே இடம் பிடித்தவர் எத்தனை, செந்துறை வட்டத்துக் காலனித் தெருக்களிலிருந்து வந்தவர் எத்தனை? இந்தக் கணக்கை எழுதி அனிதா அரங்கத்தின் வாசலிலேயே ஒட்டுங்கள்.